டெமிஸ்டரைக் குறை சொல்லும் முன்

கம்ப்ரசருக்குள் திரவம் போய்விட்டது என்று தெரிந்தால் ஆலையில் எல்லோருடைய விரலும் ஒரே பக்கம் நீளும்: வாயுவோடு வரும் திரவத்துளிகளைப் பிடிக்கும் டெமிஸ்டர். வால்வுத் தட்டு உடைந்தால் டெமிஸ்டர். வாயுவின் ஈரத்தை உறிஞ்சும் கிளைகால் திரவத்தின் இருப்பு குறைந்தால் டெமிஸ்டர். நீராவியில் உப்பு வந்தால் அதற்கும் டெமிஸ்டர். வாயுவையும் திரவத்தையும் பிரிக்கும் கலன்களோடு பல காலம் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் கம்பிவலைத் திண்டு பெரும்பாலும் நிரபராதி. அதற்குக் கீழேயோ, பக்கத்திலேயோ, அதைக் கடந்த பிறகோ நடக்கும் கோளாறுக்கு அது பழி சுமக்கிறது. அதை மாற்றிவிட்டு நிம்மதியாகிறோம். சில மாதங்களில் அதே புகார் திரும்பி வருகிறது.

பார்த்திராதவர்களுக்காகச் சில வரிகள். சுமார் 0.28 மி.மீ. விட்டமுள்ள கம்பியைப் பின்னி, நெளித்து, அடுக்கடுக்காக மடித்து 100 முதல் 150 மி.மீ. கனத்தில் செய்யும் திண்டு இது. கனமீட்டருக்கு 144 கிலோ எடையுள்ள வழக்கமான வகையில் 98 விழுக்காடு வெற்றிடம்தான். கலனின் மேற்பகுதியில் குறுக்கே கிடக்கும். கீழிருந்து ஏறும் வாயு கம்பிகளைச் சுற்றி வளைந்து போய்விடும். கனமான துளியால் அப்படிச் சட்டென்று வளைய முடியாது. நேரே போய்க் கம்பியில் மோதி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, எதிரே ஏறிவரும் வாயுவையும் மீறி அடிப்பக்கமாகச் சொட்டும். நகரும் பாகம் எதுவும் கிடையாது. இவ்வளவு எளிய பொருளுக்கு இத்தனை வழக்குகள் வருவதுதான் வேடிக்கை.

புகார் வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி: வந்தது துளியா, ஆவியா? பிரிகலனிலிருந்து வெளியேறும் வாயு அந்த வெப்பநிலையில் ஆவியால் நிறைந்தே இருக்கிறது. வழியில் குழாய் கொஞ்சம் குளிர்ந்தாலும் திரவம் பிறந்துவிடும். உலகின் மிகச் சிறந்த டெமிஸ்டராலும் ஆவியைப் பிடிக்க முடியாது. ஓர் ஆலையில் கம்ப்ரசரின் உறிஞ்சு குழாயில் ஒவ்வொரு ஷிப்டும் திரவம் வடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் நெருக்கமான வலை வாங்கக் கோப்பு தயாராகிவிட்டது. பதிவேட்டைப் புரட்டியபோது பகலைவிட இரவில் வடிந்த அளவு கூடுதலாக இருந்தது. வலைக்கு இரவு பகல் தெரியாது, குழாய்க்குத் தெரியும். பிரிகலனுக்கும் கம்ப்ரசருக்கும் நடுவே நீண்ட தூரம் காப்புறை இல்லாத குழாய் வெட்டவெளியில் ஓடிக்கொண்டிருந்தது.

சந்தேகத்தைத் தீர்க்க ஆய்வகம் உதவும். பிரிகலனின் அடியில் உள்ள திரவத்தில் ஆவியாகாத ஏதாவது ஒன்று இருக்கும்: உப்பு, வாயுவைச் சுத்தம் செய்யும் அமீன் கரைசலில் சேர்ந்து, சூடாக்கினாலும் பிரியாத உப்புகள், அப்படி எதுவானாலும் சரி. இரண்டு இடத்திலும் மாதிரி எடுத்து அதை மட்டும் அளக்கச் சொல்லுங்கள். அடித்திரவத்தில் சோடியம் லிட்டருக்கு 5000 மில்லிகிராம், குழாயில் வடித்ததில் 50 மில்லிகிராம் என்று வந்தால், வடித்ததில் நூற்றில் ஒரு பங்குதான் துளியாகத் தாவி வந்தது. மீதி 99 பங்கும் ஆவியாக வந்து வழியில் குளிர்ந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால்தான் டெமிஸ்டர் பக்கம் திரும்ப வேண்டும். நான் சொன்ன ஆலையில் சோடியம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. குழாய்க்குக் காப்புறை போட்டு, வெப்பம் கொடுக்கும் தடத்தைப் பக்கத்தில் ஓட்டியதோடு விவகாரம் முடிந்தது.

துளிதான் என்று உறுதியானால் அடுத்த கேள்வி, அது எப்படிப் பிறந்தது என்பது. திரவம் சிதறியோ கொதித்தோ பிறக்கும் துளிகள் பெரும்பாலும் பத்து மைக்ரானிலிருந்து (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சில நூறு மைக்ரான் வரை இருக்கும். காற்றில் 100 மைக்ரான் நீர்த்துளி நொடிக்கு ஏறத்தாழ 25 செ.மீ. வேகத்தில் விழும், 10 மைக்ரான் துளியோ நொடிக்கு 3 மி.மீ.தான் இறங்கும். ஒரு மீட்டர் இறங்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும் துளியை வெறும் கலன் உயரத்தால் பிரிக்க முடியாது என்பதால்தான் வலையே வந்தது. சாதாரண வலை சுமார் 5 மைக்ரானுக்கு மேற்பட்ட துளிகளை நன்றாகப் பிடிக்கும். கம்பியோடு கண்ணாடி இழையையோ டெஃப்லான் இழையையோ சேர்த்துப் பின்னினால் 2, 3 மைக்ரான் வரை இறங்கலாம்.

ஆனால் சூடான வாயு திடீரென்று குளிரும்போது உண்டாகும் மூடுபனி, கம்ப்ரசர் எண்ணெயின் புகை, கந்தக அமிலப் பனி போன்றவற்றில் ஒரு மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துளிகள் ஏராளம். துளி வளையாமல் நேரே போய்க் கம்பியில் மோதும் போக்கு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் அந்தப் போக்கு கால் பங்காகும். அந்தச் சின்னத் துளிகள் வாயுவோடு சேர்ந்து கம்பியைச் சுற்றி நழுவிவிடும். அங்கே இழைப்படுகை கொண்ட, மெழுகுவத்தி வடிவ வடிகட்டிகள் வேண்டும். அவை வேறு விதியில் இயங்குகின்றன: துளிகள் வாயு மூலக்கூறுகளால் அலைக்கழிக்கப்பட்டு இழையில் மோதுகின்றன. அதற்கு வாயு மெதுவாகப் போக வேண்டும், பரப்பு அதிகம் வேண்டும், ஆகவே கலனும் பெரிதாக வேண்டும். பழைய கலனில் வலையை எடுத்துவிட்டு அதே இடத்தில் மெழுகுவத்தியை மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், இங்கேதான் அதிகக் குழப்பம். 1934-இல் சவுடர்ஸ், பிரவுன் இருவரும் வெளியிட்ட சமன்பாடு இன்றும் எல்லா மேசைகளிலும் இருக்கிறது. திரவ அடர்த்தியிலிருந்து வாயு அடர்த்தியைக் கழித்து, வாயு அடர்த்தியால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, ஒரு மாறிலியால் பெருக்க வேண்டும்; வருவதுதான் அனுமதிக்கும் அதிகபட்ச வாயு வேகம். வலைத் திண்டுக்கு அந்த மாறிலி பொதுவாக நொடிக்கு 0.107 மீட்டர். சாதாரணக் காற்றிலும் தண்ணீரிலும் இது ஏறத்தாழ நொடிக்கு 3 மீட்டர் தரும். திரவம் கனமீட்டருக்கு 700, வாயு 20 கிலோ அடர்த்தி என்றால் 0.62 மீட்டர்தான். அழுத்தம் ஏற ஏற மாறிலியைக் குறைக்கவும் வேண்டும்: 10 பார் அருகே பத்தில் ஒன்பது பங்கு, 40 பார் அருகே பத்தில் எட்டு பங்கு என்பது பரவலான வழக்கம். பிசுபிசுப்பான திரவத்துக்கும் பரப்பு இழுவிசை குறைந்த திரவத்துக்கும் இன்னும் குறைக்க வேண்டும்.

வேகம் மிஞ்சினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். சொட்ட வேண்டிய திரவம் சொட்ட முடியாமல் திண்டுக்குள் தேங்கி, மேல்பக்கத்திலிருந்து மீண்டும் துளியாகப் பிய்ந்து பறக்கும். வேகம் குறைந்தாலும் துளி தப்பும் என்பதுதான் பலருக்கு நம்பக் கடினமாக இருக்கிறது. மோதலை நம்பி இயங்கும் கருவி இது. வாயு மெதுவாகப் போனால் துளிக்கும் வளைந்து போக அவகாசம் கிடைக்கிறது. வடிவமைத்த வேகத்தின் 30 முதல் 110 விழுக்காடு வரை திண்டு ஒழுங்காக வேலை செய்யும் என்று வைத்துக்கொள்ளலாம். உற்பத்தி கால் பங்காகக் குறைந்த ஒரு பிரிவில், "இப்போதுதான் வாயு குறைவு, இப்போது ஏன் எண்ணெய் வருகிறது?" என்று ஆலையை இயக்குபவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். வருங்காலத்துக்கும் சேர்த்து என்று பெரிதாக வாங்கிய கலன் அது. திண்டின் வெளிவட்டத்தைத் தகட்டால் மூடி, நடுப்பகுதி வழியாக மட்டும் வாயுவை விட்டதும் வேகம் கூடிச் சரியானது. உற்பத்தி மீண்டும் ஏறினால் தகட்டைக் கழற்ற வேண்டும். அதைக் கலனின் பெயர்ப்பலகையிலும் வரைபடத்திலும் எழுதி வைக்கச் சொன்னேன். எழுதாமல் விட்ட தகடு இன்னொருவருக்குப் பெரிய புதிராகிவிடும்.

கணக்கு சரியாக வந்தாலும் அது கலன் முழுவதற்கும் சராசரி என்பதை நினைவில் வைக்க வேண்டும். வாயு அப்படிச் சீராகப் பரவி ஏறுவதில்லை. உள்ளே நுழையும் நாசில் (கலனின் குழாய்வாய்) எதிர்ச்சுவரில் வாயுவைப் பீய்ச்சினால் ஒரு பக்கம் வெள்ளம், மறுபக்கம் வறட்சி. வாயுவும் திரவமும் சேர்ந்த கலவையின் அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி வரும் எண் 1400 பாஸ்கலைத் தாண்டினால், நுழைவாயிலில் பரப்பும் சாதனம் எதுவும் இல்லாமல் விடக்கூடாது என்பது பலர் பின்பற்றும் வரம்பு. வெளியேறும் நாசில் திண்டுக்கு மிக அருகில் இருந்தாலும் நடுப்பகுதி மட்டும் இழுக்கும். நாசில் விளிம்பிலிருந்து 45 பாகைச் சாய்வில் கீழே கோடு வரைந்தால் அது திண்டின் விளிம்பை எட்ட வேண்டும். வரைபடத்தையும் அளவுகோலையும் எடுத்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் கலனின் உயரத்தைக் குறைத்துச் செலவை மிச்சம் பிடித்தவர்களுக்கு இந்தக் கோடு பிடிக்காது.

திரவமட்டம் இன்னொரு திருடன். ஒரு பிரிகலனில் மட்டமானி எப்போதும் பாதிக்குக் கீழேதான் காட்டியது. துளிகளோ அள்ளிக்கொண்டு போயின. மிதவையின் எடைகுறைவை அளக்கும் வகை மட்டமானி அது. கனமான திரவத்துக்கு அளவுத்திருத்தம் செய்திருந்தார்கள். பின்னாளில் மூலப்பொருள் மாறி, திரவம் இலேசாகிவிட்டது. இலேசான திரவம் மிதவையைக் குறைவாகவே தூக்கும், ஆகவே மானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். கண்ணாடிமானியைத் திறந்து பார்த்தால் திரவம் நுழைவு நாசிலைத் தொட்டுக்கொண்டிருந்தது. உள்ளே வரும் வாயு திரவத்தின் மேலேயே மோதிக் குமிழியிட்டு, எந்தத் திண்டாலும் தாங்க முடியாத அளவு திரவத்தை மேலே தூக்கியது. நுரை வந்தாலும் மட்டமானி இதே போல ஏமாற்றும். கலனைத் திறக்கும் முன், மட்டத்தை வேறொரு முறையில் ஒருதடவை சரிபார்த்துவிடுங்கள்; காசு செலவில்லை.

இதையெல்லாம் பார்த்த பிறகும் விடை கிடைக்காவிட்டால் கலனைத் திறக்கத்தான் வேண்டும். திறந்ததும் திண்டின் நடுவைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். வாயு எளிய வழியைத் தேடும். 150 மி.மீ. வலைக்குள் நெளிந்து போவதைவிட ஓரத்தில் ஒரு விரல் அகல இடைவெளி கிடைத்தால் அதில் பாய்வதே அதற்குச் சுகம். தன்னோடு துளியையும் கொண்டு போய்விடும். எனக்குத் தெரிந்த மிகப் பிடிவாதமான புகார் ஒன்றில், கலனுக்குள் செங்குத்தாக இறங்கும் குழாயைச் சுற்றி வலையை வட்டமாக வெட்டியிருந்தார்கள். வெட்டிய துளை குழாயைவிடத் தாராளமாக இருந்தது. ஏற்கெனவே திண்டை மாற்றியிருந்தார்கள். புதிய திண்டிலும் அதே அளவில் அதே துளை.

திண்டு ஒரே வட்டமாக வருவதில்லை. ஆள் நுழையும் திறப்பான மேன்ஹோல் வழியாக நுழைய வேண்டும் என்பதால் சுமார் 300 மி.மீ. அகலத் துண்டுகளாக வரும், ஒவ்வொன்றும் கிரிட் சட்டத்தோடு கட்டப்பட்டிருக்கும். துண்டுகளை வேண்டுமென்றே சற்றுப் பெரிதாகச் செய்வார்கள். ஒன்றையொன்றும் சுவரையும் நெருக்கி அழுத்திக்கொண்டால்தான் இடைவெளி மறையும். இங்கேதான் பொருத்துபவர்களின் பொறுமை சோதிக்கப்படுகிறது. கடைசித் துண்டு நுழையாது. கத்தரியை எடுத்து ஓரத்தை நறுக்கிவிட்டால் சட்டென்று நுழையும், வேலையும் முடிந்துவிடும். யாரும் பார்க்காத அந்த நறுக்கல்தான் அடுத்த சில ஆண்டுகளுக்கான துளிப் பிரச்சினை. இரு ஓரங்களிலிருந்தும் அடுக்கி வந்து, கடைசித் துண்டை நடுவில் வைத்து, மரப்பலகையை மேலே வைத்துத் தட்டி இறக்க வேண்டும். எண்ணெய் இறங்கும் கைகளோடு அதைச் செய்வது எரிச்சலான வேலை என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் கத்தரியை மேன்ஹோலுக்கு வெளியே வாங்கி வைத்துக்கொள்வதே நல்லது.

திண்டின் மேல் நேரடியாகக் கால் வைக்கக்கூடாது. பலகை போட்டு நிற்க வேண்டும். மிதிபட்ட இடம் அமுங்கி அடர்த்தியாகிவிடும், பக்கத்தில் பள்ளம் விழும். பொருத்தி முடித்ததும் மேலிருந்து பலமான விளக்கைப் பிடித்து, கீழே ஒருவர் நின்று இருட்டில் பார்க்கட்டும். சரியான திண்டு வழியே வெளிச்சக் கீற்று தெரியாது. ஓரத்தில் பிறை போல வெளிச்சம் தெரிந்தால் அங்கே வலைத் துண்டைத் திணித்துக் கட்டுங்கள். இந்தச் சோதனையை ஒப்பந்தத்தின் நிபந்தனையாகவே எழுதிவிடலாம்.

கட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கீழே விழாமல் தாங்கு வளையம் இருக்கிறது என்று நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் திண்டுக்கு ஆபத்து மேல்நோக்கியே வரும். கலனின் அழுத்தத்தைத் திடீரென்று இறக்கினால் வாயு கிளம்பும் வேகத்தில் துண்டுகள் பெயர்ந்து பறக்கும். மேல்பக்கம் பிடிப்புச் சட்டமும், வளையத்தோடு உறுதியான கட்டும் இல்லாத ஓரிடத்தில், கம்ப்ரசரின் உறிஞ்சு வடிகட்டியில் கம்பிச் சுருள்கள் அகப்பட்ட பிறகுதான் திண்டு இல்லாத செய்தியே தெரிந்தது. வடிகட்டி இருந்ததால் இயந்திரம் தப்பியது. திண்டின் கீழும் மேலும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் அழுத்த இழப்பு மானி இருந்திருந்தால் முன்னமே தெரிந்திருக்கும். நல்ல நிலையில் உள்ள திண்டில் அழுத்த இழப்பு பெரும்பாலும் 25 மி.மீ. நீர்மட்டத்துக்குள் இருக்கும், ஆகவே மானியின் வீச்சும் சிறியதாக வேண்டும். மானிக்குப் போகும் சிறுகுழாய்கள் கலனை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவற்றில் தேங்கும் திரவம் கற்பனை எண்களைக் காட்டும். இழப்பு ஏறினால் அடைப்பு. பூச்சியத்துக்கு இறங்கினால் திண்டு கிழிந்தது அல்லது பெயர்ந்தது. ஏறுவதற்கு மட்டும் எச்சரிக்கை மணி வைத்து, இறங்குவதற்கு வைக்காமல் விடுவது பரவலான வழக்கம். எனக்கு இரண்டாவதுதான் அதிகப் பயம்.

அடைப்பு வரும் இடங்களில், உப்பு படியும் ஆவியாக்கிகளிலும் மெழுகு படியும் வாயுக்களிலும், கழுவும் தெளிப்பான்களைத் திண்டின் அடியில் வைப்பதே நல்லது. அழுக்கு அதிகம் பிடிக்கும் முகம் கீழ்முகம்தான். கழுவும் நேரத்தில் வாயுவைக் குறைக்க வேண்டும். முழுச் சுமையில் தண்ணீரையும் தெளித்தால் திண்டு அப்போதே நிரம்பி வழியும்.

கலனுக்குள் இறங்குவோருக்கான விஷயங்களை எவ்வளவு சொன்னாலும் தகும். திண்டு கலனை இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. கீழ் மேன்ஹோலில் வாயுச் சோதனை சரியாக இருந்தது என்பதற்காக மேல் அறையும் சரி என்று கொள்ளக்கூடாது. இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். வலைக்குள் தங்கிய எண்ணெய் வெயில் ஏற ஏற ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும், ஆகவே காலையில் எடுத்த அளவு மதியத்துக்குச் செல்லாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்த வாயுவில் இயங்கிய திண்டென்றால் இன்னொரு ஆபத்து: வலையில் படிந்த இரும்பு சல்ஃபைடு காற்றுப்பட்டதும் தானாகப் பற்றிக்கொள்ளும். மெல்லிய கம்பியும் காற்றோட்டமும் அதற்குத் தோதானவை. திறக்கும் முன்பே நனைத்து, கழற்றும்போதும் நனைத்துக்கொண்டே இருந்து, வெளியே எடுத்த துண்டுகளையும் ஈரமாகவே பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். காய்ந்த துண்டைக் குப்பைக் குவியலில் எறிந்துவிட்டுச் சாப்பிடப் போனவர்கள் திரும்பும்போது புகை எழுந்திருக்கும்.

நீராவி விட்டுக் கலனைச் சுத்தம் செய்வது வழக்கம்தான். ஆனால் உள்ளே பாலிப்ரொப்பிலீன் வலை இருந்தால் அதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். சுமார் 80 டிகிரிக்கு மேல் அது தன் வடிவத்தைத் தக்கவைக்காது. நீராவி 100 டிகிரியில் தொடங்குகிறது.

புதிய திண்டுக்கு ஆர்டர் கொடுக்கும்போது பலர் விட்டமும் கனமும் மட்டும் எழுதிக் கொடுக்கிறார்கள். குறைந்தபட்ச வாயு அளவு, திரவத்தின் பிசுபிசுப்பு, எதிர்பார்க்கும் துளி அளவு, வலையை ஊடுருவிச் செல்லும் குழாய்களின் இடமும் அளவும், மேன்ஹோலின் உள்விட்டம், கலனைச் சுத்தம் செய்யும் முறை என்று எல்லாமே காகிதத்தில் ஏற வேண்டும். உலோகத் தேர்வில் மட்டும் கலனைப் பார்த்துக் காப்பியடிக்காதீர்கள். கலனின் சுவர் ஆண்டுக்கு 0.1 மி.மீ. அரிக்கப்பட்டால் யாரும் கவலைப்படுவதில்லை, அதற்கென்று கூடுதல் கனம் கொடுத்திருப்பார்கள். அதே அரிப்பு கம்பியைச் சுற்றிலும் தாக்கினால் ஓராண்டில் விட்டம் 0.2 மி.மீ. குறைந்து, 0.28-இல் மிஞ்சுவது 0.08. கார்பன் எஃகுக் கலனுக்குள் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு வலை, 304 கலனுக்குள் அதைவிட அரிப்பைத் தாங்கும் 316 எல் ரக வலை என்று ஒரு படி மேலே போவது இதனால்தான். குளோரைடும் வெப்பமும் சேர்ந்த இடங்களில் அதுவும் போதாது; மோனல் போன்ற நிக்கல் கலவைகளோ பிளாஸ்டிக்கோதான் வழி. கழற்றிய பழைய திண்டில் ஒரு கைப்பிடி கம்பியை எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து வைத்துவிட்டால், அடுத்த முறை எந்த உலோகம் என்று கேட்பவருக்குக் காட்ட உங்கள் கையிலேயே எண் இருக்கும்.